உப்பில் புதைத்த லேப்டாப்

எங்கள் ஊர் லேப்டாப்புகளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உப்புக் காற்று. இன்னொன்று நான். காற்றின் மேல் யாரும் புகார் சொல்வதில்லை.

மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது. எட்டடிக்குப் பத்தடி. 'அனைத்து வகை லேப்டாப்புகளும் சிறந்த முறையில் பழுது பார்க்கப்படும்' என்று பெயர்ப் பலகையில் எழுதியிருந்தேன். காற்றில் பெயிண்ட் உரிந்து உரிந்து, இப்போது 'பழுது' மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. மறுபடி எழுதச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். இருக்கிறதைத்தானே சொல்கிறது என்று நான் விட்டுவிட்டேன்.

எனக்கு வெள்ளெழுத்து வந்த வருஷமும், போர்டுகளில் ஐசி என்கிற சில்லுகள் எல்லாம் பொடிப்பொடியாக ஆன வருஷமும் ஒன்று. இதில் ஏதோ சதி இருக்கிறது. படிக்கிற கண்ணாடிக்கு மேல் இன்னொரு படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறேன். அந்தக் கோலத்தில் தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டு நான் நிமிர்ந்து பார்த்தால், கூப்பிட்டவர் பொதுவாக ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார்.

அந்தப் பொடி ஐசிகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கதை. பயாஸ் ஐசி என்போம். துவரம் பருப்பு அளவு இருக்கும். இந்தப் பக்கம் நாலு கால், அந்தப் பக்கம் நாலு கால், எட்டையும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள். காலையில் கண் விழித்ததும் நாம் ஒரு கணம், நான் யார், இது யார் வீடு, இன்றைக்கு என்ன கிழமை என்று யோசித்துத் தெளிகிறோம் இல்லையா, லேப்டாப்புக்கு அந்த வேலையைச் செய்து கொடுப்பது இதுதான். இதற்குள் எழுதியிருப்பது அழிந்துபோனால் லைட் எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். எங்கள் தொழிலில் இதற்கு 'நோ டிஸ்ப்ளே' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் முகத்துக்கும் அதே பெயரைத்தான் என் மனைவி வைத்திருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை, கடையைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா வந்து நின்றார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, ஆண்கள் போடுவது. உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர் என்று அதிலேயே தெரிந்துவிடும். குழந்தையைத் தூக்கி வருவது போல ஒரு துண்டு மூட்டையை நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"தம்பி, இத கொஞ்சம் பாருப்பா. பெரிய வேலயா எதுவும் இருக்காது."

நான் அங்கேயே விழுந்துவிட்டேன். ஊரில் எல்லோரும் என்னை அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன. தலைக்குச் சாயம் அடித்த மறுநாள் கூட அங்கிள்தான். தம்பி என்று ஒருவர் கூப்பிட்ட பிறகு, அவர் கொண்டுவந்தது கிரைண்டராக இருந்தாலும் நான் பிரித்துப் பார்த்திருப்பேன்.

துண்டுக்குள் லேப்டாப். அது அவருடைய மகளுடையது. வீட்டில் அம்மா, மகள் இரண்டே பேர். மகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். எங்கோ வெளிநாட்டு டாக்டர்கள் பேசி அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, அப்படியே டைப் அடித்துத் தர வேண்டும். கம்பெனி இந்த லேப்டாப்பின் அடையாளத்தைப் பதிந்து வைத்திருக்கிறது. இதிலிருந்து லாகின் செய்தால் மட்டும்தான் உள்ளே விடும். புது மிஷினைப் பதிவதை நிறுத்திவிட்டார்கள். மிஷின் போய்விட்டால் சென்னை ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. முன்பு ஒருமுறை மகள் சென்னை ஹாஸ்டலில் எட்டு மாசம் இருந்து பார்த்திருக்கிறாள். போனதில் பாதிதான் திரும்பி வந்தாள் என்றார் அம்மா. அல்சர்.

மகள் தோழி கல்யாணத்துக்காக வியாழக்கிழமை திருவண்ணாமலை போயிருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுவாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாகின். அவள் போன அன்றைக்கே இது நடந்துவிட்டது. அவளுக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே முடிந்துவிட வேண்டும் என்பதுதான் அம்மாவின் கோரிக்கை.

"தண்ணி பட்டுடுச்சா?"

"லேசா."

"எவ்ளோ லேசா?"

"ஒரு சொம்பு."

பின்பக்க மூடியைக் கழற்றினேன். மேஜை மேல் பொலபொலவென்று வெள்ளையாகக் கொட்டியது. தொட்டுப் பார்த்தேன். உப்பு.

"உங்க வீட்டுப் பக்கம் கடல் காத்து ரொம்ப அடிக்குதோக்கா?"

"ஆமாம்பா, பயங்கரக் காத்து."

"காத்து கல்லு உப்பயா தூக்கினு வருது?"

அவர் மேஜையில் கொட்டிய உப்பை விரலால் ஒன்று சேர்த்தார். பிறகு சொல்லிவிட்டார். "ஈரம் பட்டா அரிசியில போட்டு வைக்கணும்னு போன்ல ஒருத்தன் சொன்னான். சாப்புடுற அரிசியில போயி இத போடுவாங்களா? ஈரத்த உப்பு தான் இழுக்கும், அது எங்களுக்குத் தெரியாததா. கால் மூட்டை உப்புல பொதச்சி வெச்சேன். மறுநாளு எடுத்து வெயில்ல காய வெச்சேன்."

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இந்த யோசனை வந்திருக்காது. மழைக்காலத்தில் ஜாடி உப்பு ஈரத்தை இழுத்துக் கசகசவென்று ஆவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். வாதத்தில் ஒரு பிழையும் இல்லை. இழுத்த ஈரத்தோடு உப்பும் கரைந்து, சந்து பொந்தெல்லாம் நுழைந்து போர்டுக்குள் குடியேறியது என்பது மட்டும்தான் விஷயம். நடுநடுவே, சரியாகிவிட்டதா பார்ப்போம் என்று ஒரே ஒரு தடவை ஆன் செய்து பார்த்ததாகவும் சொன்னார். சொம்புக் கணக்கு எனக்கு ஞாபகம் இருந்ததால் அதைப் பத்து என்று வைத்துக்கொண்டேன்.

பவர் கொடுத்தேன். லைட் வந்தது. ஃபேன் இரண்டு சுற்று சுற்றி நின்றது. மறுபடி சுற்றியது, மறுபடி நின்றது. திரை கறுப்பு. போர்டைக் கழற்றி இரண்டு கண்ணாடிகளையும் மாட்டிப் பார்த்தால், பயாஸ் ஐசியின் கால்களில் பாசி பிடித்தது போலப் பச்சை.

"இவ்ளோ தானாக்கா? சாயங்காலம் வாங்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டேன். இதே மாடலுக்கான ஃபைலை நெட்டில் இறக்கி, ஐசியில் எழுதிவிட்டால் தீர்ந்தது. என் வாய் எப்போதும் என் கையை விட அரை நாள் முன்னால் போகும்.

எழுதுவதற்கு முன் கோட்டக்குப்பம் பாய்க்கு ஒரு போன் போட்டேன். இந்த பாய் வளைகுடாவில் பல வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு, ஒரு பெட்டி நிறைய டூல்ஸோடு திரும்பி வந்தவர். அவர்தான் எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவர். அதை எங்கேயும் சொல்லிவிடாதே, எனக்குக் கஸ்டமர் வர மாட்டான் என்பார். விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் மாறிவிட்டது.

"ஏம்பா, எழுதிப்புடாத. அந்த மிஷினோட நம்பரு, கம்பெனி பதிஞ்சி வெச்சிருக்கிற அடையாளம் எல்லாம் அந்த ஐசிக்குள்ள தான் கீது. மேல எழுதிட்டியினா மிஷினு எழுந்திரிக்கும், ஆனா அது வேற ஆளு. மொதல்ல படி. மூணு தடவ படி. மூணும் ஒண்ணா இருந்தா தான் அடுத்தது. ஆஸ்பத்திரி லேப்டாப்ப மறந்துட்டியா?"

மறக்கவில்லை. மறக்க முயற்சி செய்துகொண்டிருந்தேன். சில வருஷத்துக்கு முன், ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதி மேனேஜர் கொண்டுவந்த லேப்டாப்பில், பழசைப் படித்து வைக்காமல், எங்கிருந்தோ கிடைத்த ஃபைலை எழுதிக் கொடுத்துவிட்டேன். மிஷின் நன்றாக வேலை செய்தது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும், இது வடநாட்டில் உள்ள ஏதோ ஒரு ஆஸ்பத்திரியின் சொத்து, வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்று எச்சரித்துவிட்டுத்தான் திரை வரும். அவர் வந்து கேட்டபோது, சார், உங்க மிஷினுக்கு இப்ப இன்சூரன்ஸ் மாதிரி என்று ஏதோ உளறினேன். அவர் சிரிக்கவில்லை.

இந்த அம்மா விஷயத்தில் அந்த உளறல் எடுபடாது. வேறு ஆளாக எழுந்த லேப்டாப்பைச் சென்னைக் கம்பெனி உள்ளே விடாது. மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போக வேண்டியதுதான்.

அதனால் படிக்க உட்கார்ந்தேன். இதற்கென்று துணிக் கிளிப் மாதிரி ஒரு கிளிப் இருக்கிறது. எட்டுப் பல். ஐசியின் எட்டுக் காலையும் அது ஒரே கடியாகக் கவ்விப் பிடிக்க வேண்டும். அதன் வயர் புரோகிராமர் என்கிற சின்னப் பெட்டிக்குப் போகும், பெட்டியிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு. படித்தேன், ஒரு ஃபைல் வந்தது. மறுபடி படித்தேன், அது வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை படித்தது இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. நேற்று எங்கே போயிருந்தாய் என்று ஒரே ஆளிடம் மூன்று முறை கேட்டால் மூன்று பதில் வருமே, அந்த மாதிரி. இந்த முறையை என் மனைவி புரோகிராமர் எதுவும் இல்லாமலே செய்துவிடுவாள்.

கால்களுக்கு நடுவே உப்பு இருந்தால் கிளிப் சரியாகப் பேசாது. ஸ்பிரிட் ஊற்றி பிரஷ் போட்டுத் தேய்த்தேன். படித்தேன். ஒத்துப்போகவில்லை. மறுபடி ஸ்பிரிட். மறுபடி தேய்ப்பு. வெள்ளை அப்படியே இருந்தது. மதியம் ஆகிவிட்டது. சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதை நம்பி அந்த அம்மா கிளம்பிப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலைப் போட்டு என் முழங்கைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஊத்துற தம்பி?"

"ஸ்பிரிட்டுக்கா. அழுக்கெல்லாம் போயிடும்."

"அழுக்கு போவும். உப்பு எப்பிடி போவும்? நல்ல தண்ணிய ஊத்து."

சிரித்துவிட்டேன். தண்ணி பட்டுத்தானே இந்தக் கதி என்றேன்.

"தண்ணி கெடுக்கல தம்பி. உப்பு தான் கெடுத்துது. உப்ப வெச்சது நானு. உப்பு தண்ணிக்கு தான் போவும், வேற எதுக்கும் போவாது. நீ சாராயத்த ஊத்தினு கெடந்தா அது சிரிச்சினு இருக்கும்."

மறுபடி பாய்க்குப் போன். இப்படி ஒரு அம்மா தண்ணீரால் கழுவச் சொல்கிறார் என்று ஒரு நகைச்சுவையாகத்தான் ஆரம்பித்தேன். பாய் ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, அந்தம்மா சொல்றது கரெக்ட்டு, ஸ்பிரிட்டில் உப்பு கரையாது, இது கூடத் தெரியாமல் என்னத்தைக் கடை வைத்திருக்கிறாய் என்றார். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் கழுவு, கடைசியாக ஸ்பிரிட் ஊற்றித் தண்ணீரை விரட்டு, அந்தம்மாவுக்கு என் சலாம் சொல்லு என்று வைத்துவிட்டார்.

இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருந்த பேட்டரி தண்ணீர் கேன் மூலையில் இருந்தது. தட்டில் போர்டை வைத்து ஊற்றினேன். இத்தனை வருஷமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லேப்டாப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகாதீர்கள் என்று உபதேசம் செய்தவன் நான். அந்த அம்மா என் கையிலிருந்து டூத் பிரஷ்ஷை வாங்கிக்கொண்டார். நான் தேய்த்தது கோபத்தில் பல் விளக்குவது போல இருந்ததாம். அவர் ஒரே பக்கமாக, மேலிருந்து கீழே, மெதுவாக வழித்து வழித்து விட்டார். பாத்தியில் உப்பு வாருகிற கை.

தட்டில் தேங்கிய தண்ணீரில் விரலை வைத்து எடுத்தார். நான் தடுப்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார்.

"கரிக்குது. கீழ ஊத்து."

அதில் ஈயம் கீயம் இருக்கும், வாயில் வைக்கக்கூடாது என்று எடுத்துச் சொன்னேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, சரி சரி என்றார். இரண்டாவது தண்ணீரிலும் விரல் போனது. இன்னும் கரிக்குது. மூன்றாவது, கொஞ்சமா இருக்குது. நான்காவது தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். சப்பென்று இருக்குது, போதும் என்றார்.

எனக்கும் ஆசை வந்து ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் எனக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மதர்போர்டிலிருந்து எடுத்துக்கொள்வதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. பிறகு பாயிடம் இதைச் சொன்னபோது, உப்பு போச்சுன்னு எந்த மீட்டர்ல பாத்த என்று கேட்டார். மீட்டர் என் பின்னால் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறது என்றேன்.

ஸ்பிரிட் ஊற்றித் தண்ணீரை விரட்டிய பிறகு, ஈரம் போக வெதுவெதுப்பான காற்று வேண்டும். என்னிடம் இருக்கிற ப்ளோயர் ஈயத்தை உருக்குகிற சூடு. அதனால் வீட்டிலிருந்து ஹேர் டிரையரை எடுத்து வரச் சொல்லி மனைவிக்குப் போன் செய்தேன். அவள் அதோடு சாப்பாட்டையும் எடுத்து வந்தாள். நான் போர்டுக்குக் காற்று காட்டுவதை வாசலில் நின்று பார்த்தாள். கல்யாணத்துக்குக் கிளம்புறப்ப எனக்கு ஒரு தடவ இப்பிடி காட்டியிருக்கியா என்று கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் என் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டபடி என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் கிளிப்பை மாட்டினேன். முதல் தடவை. இரண்டாவது. இரண்டும் ஒன்று. மூன்றாவது. மூன்றும் ஒன்று. ஒரு எழுத்து கூட மாறவில்லை.

ஃபைலைத் திறந்து தேடினால், எண்களுக்கு நடுவே மிஷினின் நம்பர் தெரிந்தது. லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த, பாதி அழிந்த சீட்டோடு வைத்துப் பார்த்தேன். தெரிந்த வரை அதேதான். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், இதோ பாருங்கக்கா, உங்க பொண்ணு லேப்டாப்போட பேரு. அவர் குனிந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்குது என்றார், பத்திரிகையில் மகள் பெயரைப் பார்ப்பது போல.

ஆனால் ஃபைலின் நடுவே ஓர் இடத்தில் பக்கம் பக்கமாக ஒன்றும் இல்லை. அழிந்து வெற்றுத்தாளாகக் கிடந்தது. ஈரத்தோடு ஆன் செய்து ஆன் செய்து பார்த்த அந்த 'ஒரே ஒரு தடவை'களில் ஏதோ ஒன்றில் அழிந்திருக்க வேண்டும் என்றார் பாய். அந்த அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை. உப்பு வைத்த வருத்தம் ஒன்றே அவருக்குப் போதும்.

இனிமேல் செய்ய வேண்டியது அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வேலை. வாசகம் எல்லாப் பத்திரிகையிலும் ஒன்றுதான், பெயர்கள்தான் வேறு. லேப்டாப்பைத் தயாரித்தவர்களின் ஃபைலிலிருந்து வாசகத்தை எடுத்து, நாங்கள் படித்த ஃபைலிலிருந்து பெயரையும் அடையாளத்தையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து ஒரே ஃபைலாக ஆக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு பாய் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். அவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சொல்ல வைத்தார். இடையில் தொழுகைக்குப் போய்விட்டு வந்து, நான் இல்லாதப்ப எதையும் தொடலையே என்று விசாரித்தார்.

சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் சொன்னது ஞாயிறு மதியமாகத் தள்ளிப் போனது. அம்மா எழுந்து போனார். போகும்போது, அவ அஞ்சு மணி பஸ்ல வந்துடுவா தம்பி என்று மட்டும் சொன்னார். அவர் போன பிறகு, சும்மா இருக்க மாட்டாமல் கீபோர்டையும் கழுவித் துடைத்தேன். அதில் முற்றுப்புள்ளிப் பட்டன் அழுத்தினால் மேலே வராமல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதையும் நோண்டிச் சரிசெய்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. இந்தப் பெருமையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை, இனி நம்ப முடியாது என்று பழைய ஐசியைக் கழற்றினேன். ப்ளோயரில் சூடு காட்டி இடுக்கியால் தூக்கினால், ஐசி வந்தது, ஒரு கால் போர்டிலேயே நின்றுவிட்டது. உப்பு தின்று நூலாக்கி வைத்திருந்த கால். நேற்றுப் படித்து வைக்காமல் முதலில் இதைக் கழற்றியிருந்தால், அந்தப் பெண்ணின் வேலை அந்த ஒற்றைக் காலோடு போயிருக்கும். பாயைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. அவருக்கு அது பிடிக்காது என்பதால், தண்ணீர் ஊற்றச் சொன்னவரை நினைத்து ஸ்டூலைப் பார்த்தேன். அந்த அம்மா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

மூலையில் கிடந்த ஒரு செத்த லேப்டாப்பிலிருந்து அதே அளவு ஐசியை எடுத்து, சேர்த்து வைத்திருந்த ஃபைலை அதில் எழுதி, எழுதியதை மறுபடி படித்து ஒத்துப் பார்த்து, போர்டில் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு கண்ணாடிகள், ஒரு மூச்சு. எல்லாவற்றையும் மாட்டி, பவர் பட்டனை அழுத்தினேன்.

லைட் வந்தது. ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு.

ஐசி புதிதாக எழுதப்பட்டால், முதல் தடவை எல்லாவற்றையும் விசாரித்து எழுந்திருக்க ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, அந்த ஒன்றரை நிமிஷத்தில் மூன்று முறை வேர்வையைத் துடைத்தேன். அம்மா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் நோ டிஸ்ப்ளேவில் இருந்திருக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுக்க ஆரம்பித்தார்.

படம் வந்தது. ஒரு மலை, ஒரு ஏரி, நடுவில் மகளின் பெயர், கீழே பாஸ்வேர்டு கட்டம்.

"வந்துடுச்சிக்கா," என்றேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அப்புறம் துண்டை எடுத்து அதை மூடப் போனார். நான்தான் நிறுத்தி, அணைத்துவிட்டுக் கொடுத்தேன்.

கம்பெனி உள்ளே விடுமா என்பதை மட்டும் பார்க்க முடியவில்லை, பாஸ்வேர்டு மகளிடம்தான் இருக்கிறது. அதையும் சொன்னேன். அவர் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு மேல நான் வந்தேன்னா வேல போச்சினு அர்த்தம். வரலன்னா நல்லா ஆயிடுச்சினு அர்த்தம். சரியா தம்பி?"

திங்கட்கிழமை எட்டரைக்கே கடையைத் திறந்துவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்பது ஆனது. தெருவில் முழுக்கைச் சட்டை போட்ட பெண் யார் வந்தாலும் எழுந்து நின்றேன். உப்பளத்துக்குப் போகிற நேரத்தில் அந்தச் சட்டை போட்டுக்கொண்டு எத்தனை பேர் போகிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஒன்பதேகால், ஒன்பதரை, பத்து. யாரும் உள்ளே வரவில்லை. டீ சொல்லி, காலை நீட்டி உட்கார்ந்தேன்.

ஒரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். கையில் அந்த லேப்டாப்.

"அங்கிள், இத நீங்க தானே பாத்தீங்க?"

அங்கிள். தம்பி என்கிற பதவி இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் என் வாய் வேறு எதையோ கேட்டது. "லாகின் ஆச்சாம்மா?"

"ஆச்சு. ஏன், ஆவாதா?"

எங்கம்மா சொல்லவே இல்லை, நீங்கதான்னு எப்படித் தெரியும்னு நினைக்கிறீங்க என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அடியில், ஸ்க்ரூ மேல், என் கடைப் பெயரும் தேதியும் என் கையெழுத்தும் போட்ட வாரண்டி ஸ்டிக்கர். எந்த மிஷினை மூடினாலும் அதை ஒட்டிவிட்டுத்தான் கை நிற்கும். ரகசியமாகச் செய்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

சும்மா ஜெனரல் சர்வீஸ், தூசு தட்டினோம் என்றேன். ரெண்டு வருஷமா ஒட்டிக் கெடந்த முற்றுப்புள்ளி பட்டன் சரியாயிருக்குதே, அது தூசா என்றாள். பிறகு உள்ளங்கையைத் திறந்து மேஜை மேல் ஒன்றை வைத்தாள். சார்ஜர் ஓட்டையிலிருந்து விழுந்ததாம். ஒரு கல் உப்பு.

"இது?"

"கடல் காத்தும்மா," என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொம்பு, மூட்டை, வெயில், பேட்டரி தண்ணீர், நாக்கு. நாக்கு விஷயத்தைக் கேட்டபோது மட்டும் அவள் சிரிப்பு நின்றது. மேஜை மேல் கிடந்த அந்தக் கல் உப்பை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்னு எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க அங்கிள். நேத்து வந்ததுலேர்ந்து ஒரு தடவ கூட அதட்டல. கேக்காமலே மீன் வறுத்துக் குடுத்தாங்க. கண்ணு, கண்ணுன்னு கூப்புடுறாங்க. கொஞ்ச நாளு இப்பிடியே ஓடட்டும்."

அந்த வாரக் கடைசியில் அம்மா வந்தார். ஒரு பையில் உப்பு கொண்டுவந்திருந்தார். அதே மூட்டையா என்று கேட்டேன். அதேதான், ஒன்றும் ஆகாது, ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவளுக்கு ஒரு சந்தேகமும் வரல தம்பி, படிச்சிருக்காளே ஒழிய வெளுத்ததெல்லாம் பாலுன்னு நெனைக்கிற புள்ள என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை வாயைத் திறக்காமல் காப்பாற்றினேன் என்று மனைவியிடம் சொன்னேன். எந்த விஷயம் என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

இது முடிந்து ஒரு மாசம் இருக்கும். வேறு ஒரு பெண், அதே மாதிரி முழுக்கைச் சட்டை, கையில் ஒரு டிபன் பாக்ஸோடு வந்தார். திறந்தால் உள்ளே விளிம்பு வரை உப்பு. உப்புக்கு மேல் ஒரு செல்போனின் மூலை மட்டும் எட்டிப் பார்த்தது.

"ரெண்டு நாளா உப்புல தான் வெச்சிருக்கறேன், இன்னும் உசுரு வரல. எவ்ளோ நாளு வைக்கணும்னு கேக்கலாம்னு வந்தேன்."

உப்பில் வைக்கச் சொன்னது யார் என்று கேட்டேன். எங்களோடு வேலை செய்கிற அக்காதான் என்றார். அவங்க பொண்ணு லேப்டாப்பில் தண்ணி கொட்டிடுச்சாம், உப்பில் பொதச்சி வெச்சாங்களாம், இப்ப ஜம்முனு வேல செய்யுதாம்.

அந்த அம்மா ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. தண்ணீர் கொட்டியதும் உண்மை, உப்பில் புதைத்ததும் உண்மை, இப்போது வேலை செய்வதும் உண்மை. நடுவில் என்னை மட்டும் விட்டுவிட்டார். நான்தானே யாருக்கும் தெரியக்கூடாது என்று தலையாட்டியவன்.

டிபன் பாக்ஸை வாங்கி வைத்தேன். பேட்டரி தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணிடம் ஸ்டூலைக் காட்டினேன்.

"ஒக்காருங்க. ருசி பாக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."